மூக்கு தூக்கிய இடம்

நான் பட்டனை அழுத்தவில்லை. வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது, இடது கை சட்டைக்கு மேலாக நெஞ்சு ஆபரேஷன் தையலில் இருந்தது, நாலு மாசமாக அது சும்மா இருக்கும்போதெல்லாம் அங்கேதான் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆகவே நான் அழுத்தவில்லை, சத்தியமாக அழுத்தவில்லை, ஆனாலும் வண்டி உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டு, முன்பக்கத்தை மூன்று விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டது. பத்தடி முன்னால் ஒரு வேகத்தடை. திரையில் சின்னதாக எழுத்து வந்தது, தெரிந்த இடம் என்று. யாருக்குத் தெரிந்த இடம்? எனக்கு இந்த வீதியே தெரியாது. அவிநாசி ரோட்டில் கேஸ் பைப்புக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே கையை இடது பக்கம் காட்டினார், நான் திரும்பினேன், அப்புறம் ஒரு வலது, அப்புறம் ஒரு இடது, ஒரு வாதநாராயண மரம், அதன் நிழலில் இந்த மேடு. பதினொன்றரைக்குப் பத்திர ஆபீஸில் இருக்க வேண்டும். தம்பி தண்டபாணி அங்கே டோக்கன் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். நான் போய்க் கையெழுத்தும் கைரேகையும் வைத்தால், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முப்பத்தொரு வருஷம் நடத்திய பம்ப் ஃபேக்டரியில் என் பாதிக்கும் அவனுக்குப் பவர் வந்துவிடும், நடத்தவும் விற்கவும். "நீங்க ஓய்வா இருங்ணா, அலைச்சல் பூரா என்னோட போகட்டும்" என்றான். சரி என்று நானும் சொல்லிவிட்டேன். மணி பதினொன்று ஐந்து. பிரேக்கை மிதித்துக்கொண்டு மேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த இத்தாலிக்காரிக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. இத்தாலியிலிருந்து இறக்கிய வண்டிக்கு இத்தாலிக்காரி என்று பேர் வைத்தது என் மனைவி பூங்கோதை. "உங்க இத்தாலிக்காரிக்குக் குளிச்சு விட்டாச்சா, சாப்பாடு போட்டாச்சா" என்பாள். வயிறு தரையைத் தொடாத குறையாக இருப்பதால் நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றும் அதற்கு எமன். அதனால்தான் மூக்கைத் தூக்க ஒரு பட்டன். ஒரே இடத்தில் மூன்று தடவை பட்டனை அழுத்தித் தூக்கினால் நாலாவது தடவை அதுவே தெரிந்துகொண்டு தூக்கிக்கொள்ளும். பெங்களூரிலிருந்து வந்த கம்பெனி ஆள் பெருமையாகச் சொன்னான், "சார், நீங்க ஒருக்கா மறந்தாலும் இது மறக்காது." எங்கள் ஃபேக்டரி கேட்டுக்கு முன்னால் இருக்கும் மேட்டை மறக்காது. ரேஸ்கோர்ஸில் டாக்டர் வீட்டு மேட்டை மறக்காது. அது இரண்டும் நான் கற்றுக்கொடுத்தவை. இதை யார் கற்றுக்கொடுத்தது? ஒரு தடவை என்றால் சரி, எவனோ வழி தவறி வந்தான் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு என்றாலும் ஏதாவது காரணம் சொல்லலாம். மூன்று தடவை. மூன்று தடவை இந்த மரத்தடிக்கு வந்து, இந்த மேட்டைப் பார்த்து, பொறுமையாகப் பட்டனைத் தேடி அழுத்தியிருக்கிறான் ஒருவன். பெங்களூர்க்காரனா? அவன் சர்வீசுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவான், லாரியில் கொண்டுவந்து இறக்குவான், ஓட்டுவதில்லை. எங்கள் டிரைவர் அந்தோணிக்கு இருக்கும் வயிற்றுக்கு அவன் இதில் ஏறினால் ஸ்டியரிங் திரும்பாது. பூங்கோதையா? வண்டி வந்த அன்றைக்குக் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு அவளை ஒரு சுற்றுக் கூட்டிப் போனேன், திரும்பி வந்து இறங்க முடியவில்லை, முட்டி மடங்கிவிட்டது, பூசாரியும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். "கெணத்துல இருந்து தூக்கற மாதிரி இருக்குதுங், இனி என்னையக் கூப்புடாதீங்க" என்றாள், அதோடு சரி. இன்றைக்குக் காலையில்கூட, "அந்தோணியக் கூட்டிட்டு நல்ல கார்ல போங்களேன்" என்றாள். இதுவும் கார்தான் என்றேன். "இது காராக்கும்? ஒரு பூசணிக்காய் வெக்க எடமில்ல." நான் அவளைத் திட்டிவிட்டு ஃபேக்டரிக்குப் போய் வண்டியை எடுத்தேன். நாலு மாசம் கழித்து முதல் தடவையாக. அவள் பேச்சைக் கேட்டிருந்தால் நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன், இல்லையா? அந்தோணியின் கார் எந்த மேட்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான், எனக்குத் தெரியாதா. வெயில் காலத்தில் உள்ளே உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் அடுப்பு எரியும். மழைக் காலத்தில் எலி வந்து ஒயரைக் கடித்துவிட்டது, ஒரு ஒயர் மாற்ற ஏழு வாரம், கப்பலில் வரவேண்டுமாம். வீட்டு வாசல் சரிவில் ஏறாது என்று ஃபேக்டரியின் பழைய பேக்கிங் குடோனில்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது, காசு கொடுத்து வாங்கியவன் வீட்டில் இல்லை. சிக்னலில் நின்றால் பக்கத்து ஸ்கூட்டர்க்காரர் குனிந்து, "சார், லிட்டருக்கு எவ்வளவு தரும்?" என்பார், ஒருத்தர் தவறாமல் எல்லோரும் அதையேதான் கேட்பார்கள். ஆனால் காலையில் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போது வருமே அந்தச் சத்தம். அது காதில் கேட்கிற சத்தம் இல்லை, அடிவயிற்றில் கேட்கிறது. நான் வாழ்நாள் பூரா மோட்டார் சத்தத்திலேயே இருந்தவன், ஒரு பம்ப்பின் மேல் கை வைத்தால் பேரிங் போயிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன், எனக்கே அந்தச் சத்தத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. இதை யாரிடம் சொல்வது? தண்டபாணியிடம்தான் சொல்ல முடியும். அவனுக்கு மட்டும்தான் புரியும். அந்தக் காலத்தில் லேத் விற்க வந்த ஏஜென்ட் ஒருத்தர் கொடுத்த காலண்டரில் ஏப்ரல் மாசத்துக்கு இந்த ஜாதி வண்டி ஒன்று சிவப்பாக நின்றது. ஏப்ரல் முடிந்ததும் தண்டபாணி அதைக் கிழித்து, எங்கள் ஒற்றை லேத் ஓடிய ஷெட்டில் டூல்பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் ஒட்டினான். ஸ்பேனர் எடுக்கும்போதெல்லாம் வண்டி தெரியும். "ரெண்டே சீட்டுதாங்ணா. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு" என்றான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு, எனக்கு இருபத்தேழு. கல்யாணமான பிறகும் அந்தக் கணக்கை நாங்கள் மாற்றவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வண்டி வந்து இறங்கினபோது இடது பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவன் பேக்கிங் செக்ஷனிலிருந்து வந்து பார்த்தான். சிவப்பு வேண்டாம் என்று நீலம் வாங்கியிருந்தேன், சிவப்பு என்றால் ஊர்க் கண் படும். உட்காருடா என்றேன். "எனக்கெதுக்குங்ணா, கையெல்லாம் கிரீஸு" என்றான். கையைக் கழுவிக்கொண்டு வா என்றேன். "இருக்கட்டுங்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அன்றிலிருந்து ஒரு நாள்கூட அவன் இதில் உட்கார்ந்ததில்லை. வெட்டிச் செலவு என்று நினைக்கிறான் போல, சொல்ல மனசு வரவில்லை, மரியாதை தெரிந்தவன் என்று நானே அவனுக்காகப் பேசி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இரண்டாவது சாவியை அவன் கையில்தான் கொடுத்தேன். சும்மா நிறுத்தி வைத்தால் பேட்டரி செத்துவிடும், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வை என்று. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஸ்டார்ட் மட்டுந்தாங்ணா பண்ணுனேன். ஒரு அடி நகத்தலீங்ணா." ஒரு அடி நகர்த்தவில்லை. நான் கேட்டது பேட்டரியைப் பற்றி மட்டும்தான். நகர்த்தினாயா என்று நான் கேட்கவே இல்லையே, அவனாக ஏன் அதைச் சொன்னான்?

இன்றைக்குக் காலையில் ஸ்டியரிங்கில் திருநீறு இருந்தது. நடுவில் இல்லை, பத்து மணி முள் இருக்கிற இடத்தில், பெருவிரல் படுகிற மடிப்புக்குள். எனக்காகப் பூங்கோதை கோயில் திருநீறு கொண்டுவந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து அதைத் தொட்டு நெற்றியில்கூட வைத்துக்கொண்டேன், இப்போதும் இருக்கும், கண்ணாடியில் பார்க்க வேண்டாம். தண்டபாணி எந்த வண்டியை எடுத்தாலும், மொபெட்டாக இருந்தாலும், நெற்றியைத் தொட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் தொடுவான். இது தெரிந்த விஷயம்தானே, காலையிலேயே ஏன் உறைக்கவில்லை? ஓடிய கிலோமீட்டரையும் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை. தம்பிக்கு யாராவது மீட்டர் போட்டுப் பார்ப்பார்களா? சரி, நகர்த்தியிருக்கிறான், அதனால் என்ன. ஆசைப்பட்டிருப்பான். என் முன்னால் உட்கார வெட்கம், நான் இல்லாதபோது ஒரு ரவுண்டு. போகட்டுமே, நல்லதுதானே, எனக்கு அது சந்தோஷம்தானே? இந்த வீதி காலியாக இருக்கும், ஓட்டிப் பார்க்க நல்ல வீதி, அதனால் மூன்று தடவை வந்திருப்பான். அப்படித்தான் இருக்கும். அவனிடம் போய், திருட்டுப் பயலே, ஓட்டினாயாடா, எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். இப்படி நினைத்ததும் நெஞ்சில் ஒரு இலகு வந்தது, உண்மையாகவே வந்தது, பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் போனேன். அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கம் வலது கை ஓரம் இருந்த பெரிய கேட் திறந்தது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நான் இன்டிகேட்டர் போடவில்லை. வாட்ச்மேன் ஒருத்தர் இரண்டு கதவையும் அகலத் திறந்து கொண்டி போட்டுவிட்டு, எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். வா வா என்று கையையும் காட்டினார். நான் வரவில்லை என்றதும் மேட்டைத் தாண்டி வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியை இறக்கினேன்.

"அட, வேற சாருங்களா. வண்டியப் பாத்ததீமு அவருன்னு நெனச்சுப்போட்டேனுங்."

"எவரு?"

"புதங்கெழமையானா வருவாரேங், நெத்தி நெறையத் திருநீறு பூசிட்டு. தங்கமான மனுசனுங். வண்டிய நெழல்லதான் நிறுத்தோணும்பாரு, வெயில்ல நின்னா சீட்டுத் தோலு வெடிச்சுருமாமுங். நானே செடித்தொட்டியெல்லாம் நகத்தி எடம் பண்ணி வெச்சிருக்கறேனுங்." அவர் கையை நீட்டிக் காட்டினார். போர்ட்டிகோவை ஒட்டி ஒரு சதுரம் காலியாக இருந்தது. "அய்யா உள்ளதான் இருக்காருங். வரச் சொல்லட்டுங்களா?"

அய்யா யார் என்று நான் கேட்கவில்லை. தூணில் பித்தளையில் பேர் இருந்தது. வேணுகோபால். எங்கள் ஒன்றரைக் குதிரைத் திறன் பம்ப்பை அச்சு அசலாகக் காப்பியடித்து, பெயின்ட்டை மட்டும் மாற்றி எங்கள் டீலர்களிடமே விற்ற வேணுகோபால். ஃபேக்டரியை என்னிடம் கொடுத்துவிடு என்று மூன்று தடவை ஆள் அனுப்பியவர். மூன்றாவது தடவை வந்த ஆளை, டீ கொடுக்காமல் திருப்பி அனுப்பியது யார்? தண்டபாணிதான். "அண்ணன் உசுரோட இருக்கற வரைக்கும் நடக்காது" என்று சொல்லி அனுப்பினான். அப்போது எனக்குப் புல்லரித்தது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று பூங்கோதையிடம் சொன்னேன், அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். அண்ணன் உயிரோடு இருக்கிற வரைக்கும். இப்போது அந்த வாக்கியத்தை வேறு மாதிரியும் படிக்கலாம் போல இருக்கிறது. வேண்டாம் சார், வழி மாறி வந்துவிட்டேன் என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், இரண்டுக்கும் கணக்குச் சரிவராமல் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். கேட்டை மட்டும் மூடவில்லை. புதன்கிழமை. தினமும் சாயங்காலம் என் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அன்றைய உற்பத்தி எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போவான். புதன்கிழமைகளில் மட்டும் மாதுளம்பழம் கொண்டுவருவான். அவனே உரித்து, முத்து முத்தாகக் கிண்ணத்தில் போட்டு, ஸ்பூன் வைத்துக் கொடுப்பான். ரத்தம் ஊறுங்ணா என்பான். நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். இங்கிருந்து நேராக அங்கே வந்திருக்கிறான். குடோன் சாவி வைத்திருக்கும் ஆளுக்குத் தெரிந்திருக்கும். ஃபேக்டரி கேட்காரனுக்குத் தெரிந்திருக்கும், இந்தச் சத்தத்தை ஒளித்து வைக்க முடியுமா, ஷிஃப்டில் இருந்த நூற்றிருபது பேருக்கும் தெரிந்திருக்கும். காலையில் என்னைப் பார்த்ததும் ஏன் எல்லோரும் அவ்வளவு குனிந்து வணக்கம் சொன்னார்கள் என்று இப்போது தெரிகிறது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

டாக்டர் பதற்றப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், ஆகவே பதறவில்லை, மூச்சை எண்ணுகிறேன், ஏசி முகத்தில் அடிக்கிறது, முதுகுக்குப் பின்னால் அடுப்பு எரிகிறது. விற்க நினைத்தது தப்பா? இல்லையே. அவனுக்கும் ஐம்பத்து நாலு ஆகிவிட்டது, களைத்திருப்பான், இரண்டு பெண்களும் கனடாவில், யாருக்காக ஓட்டுவது. என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு வாரம் கத்தியிருப்பேன், எட்டாம் நாள் சரி என்றிருப்பேன். அது அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்த ஒரு வாரத்தைத் தாங்க முடியாமல் போயிற்றா? எது வலிக்கிறது என்று சரியாகச் சொல்ல வேண்டும், பேரிங்கா, ஷாஃப்ட்டா, கை வைத்தால் தெரிய வேண்டும். விற்றது இல்லை. வேணுகோபால்கூட இல்லை. என் நெஞ்சைத் திறந்து வைத்திருந்த மாசத்தில் அவன் இந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். உட்காருடா என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உட்காராதவன், அந்தச் சத்தத்தை முதன்முதலாக நான் இல்லாமல் கேட்டிருக்கிறான். கை கழுவிக்கொண்டு ஏறியிருப்பான். அவனுக்கும் கண்ணில் தண்ணீர் வந்திருக்குமா? வந்திருக்கும். வராமல் இருக்காது. அதைத் துடைத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறான், போர்ட்டிகோ நிழலில் நிறுத்தியிருக்கிறான், ஒரு கீறல் இல்லாமல், ஒரு தடவை அடி தட்டாமல் கொண்டுபோய் விட்டிருக்கிறான். அசடாக ஓட்டி எங்காவது இடித்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இவ்வளவு அன்பாக ஓட்டியிருக்கிறானே, இதை எப்படி மன்னிப்பது. என் பக்கத்து சீட்டைப் பார்க்கிறேன். இரண்டு வருஷமாக யாரும் உட்காராத தோல், கடையில் இருந்தது போலவே இருக்கிறது. அவன் வந்தபோதும் அது காலியாகத்தான் இருந்திருக்கும்.

போன் அடிக்கிறது. திரையில் தம்பி என்று வருகிறது, பேர் போடவில்லை நான், வெறும் தம்பி. மணி பதினொன்று இருபத்தொன்று. என்ன கேட்பது? கேட்டால் பொய் சொல்வான், நான் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு வழி கொடுத்துப் பார்க்கலாம், அவனே உண்மையைச் சொல்ல வரட்டும். பச்சையை அழுத்தினேன். வண்டிக்குள் நாலு பக்கமும் அவன் குரல் நிறைந்தது.

"அண்ணா, எங்கீங்ணா இருக்கீங்க? நம்மளுக்கு முன்னால ரெண்டே டோக்கன்தாங்ணா."

"ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கறாங்க. போலீஸ்காரரு எங்கியோ திருப்பி உட்டுட்டாரு. ஏதோ ஒரு வீதில நிக்கறேன்."

"எந்த வீதிங்ணா?"

"பேரு தெரியல. ஒரு வாதநாராயண மரம் நிக்குது. முன்னால ஒரு மேடு, சிமெண்ட்டக் கொட்டி யாரோ அவியளே போட்டிருக்கறாங்க, ரொம்ப ஒசரம். அடி தட்டிருமோன்னு பயமா இருக்குது தம்பி."

பத்திர ஆபீஸ் இரைச்சல் கேட்கிறது, யாரோ யாரையோ அப்பா பேரோடு கூப்பிடுகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. அங்கேயே இருங்கள், அந்தோணியை அனுப்புகிறேன் என்று சொன்னால் போதும், அவன் தப்பித்துவிடுவான், நானும்கூடத் தப்பித்துவிடுவேன். சொல்லுடா. அப்படியே சொல்லிவிடு. இல்லை, சொல்லாதே.

"பட்டன அமுத்தி மூக்கத் தூக்கிக்குங்ணா" என்றான். குரல் தணிந்திருந்தது, டூல்பாக்ஸ் பக்கத்தில் நின்று பேசுகிறவன் குரல். "நேரா ஏத்தீராதீங்க, நடுவயிறு இடிக்கும். எடது சக்கரத்த மொதல்ல உட்டு, சாச்சு ஏத்துங்க. ஒண்ணும் தட்டாதுங்ணா."

"அதுவே தூக்கிக்கிச்சு, தம்பி."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும், நான் திரையில் வினாடிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பதினாலு. பிறகு மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது. "அண்ணா" என்றான். பின்னால் ஒருத்தர் சத்தமாக எங்கள் அப்பா பேரைச் சொல்லி, மகன் குழந்தைவேலு, மகன் தண்டபாணி, இருக்கீங்களா இல்லீங்களா என்று கூப்பிட்டார். இருக்கிறோம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சிவப்பை அழுத்தினேன்.

திரையில் இருந்த மேப்பின்படி, மேட்டைத் தாண்டினால் வீதி முடிகிற இடத்தில் இடது பக்கம் பத்திர ஆபீஸ், வலது பக்கம் ஃபேக்டரி. வலது பக்கத்துக்கு இன்டிகேட்டர் போட்டேன். இடது கையை நெஞ்சிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். திருநீறு இருந்த இடத்தில் பெருவிரல் பட்டது. நேராகவே ஏற்றிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, இடிக்கட்டும், கிழியட்டும், அவன் சொன்னதைக் கேட்காமல் இருந்தாலாவது ஏதாவது மிச்சம் இருக்கும் என்று. முடியவில்லை. இடது சக்கரத்தை முதலில் விட்டு, சாய்த்து, மெதுவாக ஏற்றினேன். வாட்ச்மேன் மறுபடியும் சல்யூட் வைத்தார். முன்சக்கரம் இறங்கியது, நடுவயிறு மேட்டின் மேல் வந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்டேன்.

தட்டவில்லை. அவன் சொன்ன மாதிரியே, எங்கேயும் தட்டவில்லை.